பழைய கடலுக்கு ஒரு டோக்கன்

குருசுமுனை டோக்கன் ஆபீஸ் கணினிக்கு ஜிபிஎஸ்ஸை வைத்து மணி திருத்திய அன்று, கடலுக்குப் போன படகுகள் எல்லாம் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கடலுக்குப் போய்த் தொழில் பார்த்துவிட்டுப் பொழுது சாய ஒழுங்காகக் கரை திரும்பின. ஊரில் யாரும் அதை உடனே அதிசயமாகப் பேசவில்லை. மீன் அவ்வளவு பட்டிருந்தது, அள்ளிக் கூடையில் போடவே ஆள் பற்றவில்லை.

கணினிக்கு வந்த கேடு சின்னதுதான். உள்ளே இருந்த பொடி பேட்டரி செத்துப்போய், கரண்ட் நின்று வரும்போதெல்லாம் அது தன் பிறந்த வருஷத்துக்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு விடியற்காலையும் டோக்கன் அடிக்கிற அமலோற்பவம்தான் மணியைத் தட்டித் திருத்த வேண்டும். டோக்கனில் அச்சாகும் மணிக்கு முன்னால் எந்தப் படகும் முனையைத் தாண்டக் கூடாது என்பது ஊர்க் கமிட்டி வைத்த சட்டம், அதனால் யாருடைய கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துவது என்பதில் தினமும் ஒரு சண்டை. கைப்பேசி இல்லையா என்று கேட்பீர்கள். ஆளுக்கொன்று இருக்கிறது, ஆனால் புயலில் டவர் சாய்ந்த பிறகு அவரவர் கைப்பேசியில் அவரவர் மணி ஓடியது, வடக்குத் தெருக்காரன் காட்டும் மணியைத் தெற்குத் தெருக்காரன் நம்பிவிட்டால் அப்புறம் அது குருசுமுனையே இல்லை.

வயர்லெஸ் பெட்டி ரிப்பேர் பார்க்கும் தொபியாஸ்தான் வழி சொன்னான். மனுஷன் மணியே வேண்டாம், வானத்து மணியை வைத்துக்கொள்வோம். மேலே சுற்றுகிற சாட்டிலைட் ஒவ்வொன்றிலும் தப்பாத கடிகாரம் இருக்கிறது, ஜிபிஎஸ் அதைக் கேட்டு வாங்கும், ஒரு வயரைப் போட்டால் கணினி அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்றான். சாட்டிலைட் எந்தத் தெருவையும் சேர்ந்ததில்லை என்பதால் கமிட்டியும் தலையாட்டியது. ஆனால் யாருடைய ஜிபிஎஸ்? மீன் கிடக்கும் கடலடிப் பார் எங்கெங்கே என்று ஒரு கடலோடி ஆயுசு முழுக்கத் தேடிக் கண்ட இடங்கள் எல்லாம் அவன் ஜிபிஎஸ்ஸுக்குள்தான் இருக்கின்றன. அதை இன்னொருத்தன் கையில் கொடுப்பது கோவணத்தை அவிழ்த்துக் கொடுப்பது மாதிரி. ஊர் முழுக்கத் தேடியும் யாருக்கும் வேண்டாத ஜிபிஎஸ் ஒன்றுதான் இருந்தது. அது அமலோற்பவத்தின் வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்கியது.

அது அவள் புருஷன் சந்தியாகுவுடையது. தனியாளாகத் தூண்டில் தொழில் பார்த்தவன். கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை, மூடுபனி இறங்கிய விடியலில், பெண்டாட்டியோடு மனஸ்தாபத்தில் கஞ்சிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான், ஆணியில் தொங்கிய ஜிபிஎஸ்ஸை மறந்துவிட்டுப் போனான், திரும்பவில்லை. அவன் மறந்ததை அமலோற்பவம் பாயில் படுத்தபடியே பார்த்தாள். அவன் காலடி மணலில் சரசரவென்று போவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. போகட்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும், அந்தச் சாக்கிலாவது வாசலில் வந்து நிற்கட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆக அந்த ஜிபிஎஸ்தான் வந்தது. தொபியாஸ் வயரை ஒட்டி, கருவியை ஜன்னலில் வானம் பார்க்க வைத்தான். கொஞ்ச நேரம் அது யோசித்தது, பிறகு கணினியின் மணி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அந்தப் பழைய கருவிக்கு வாரங்களை எண்ணத் தெரியும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் எண்ணத் தெரியாது. எண்ணிக்கை நிறைந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் கிழமை பிசகாது, மணி பிசகாது, தேதி மட்டும் பத்தொன்பதரை வருஷத்துக்கும் மேலே பின்னால் போய் விழும். அமலோற்பவம் அதைக் கவனித்தாள்.

"தொபியாஸ், வருசம் தப்பா காட்டுதே."

"கெழம என்ன காட்டுது?"

"வியாழன்."

"இன்னைக்கி?"

"வியாழன்தான்."

"மணி?"

"சரியாத்தான் இருக்கு."

"பெறவு என்னக்கா? கடலுக்கு எதுக்கு வருசம்?"

கூட நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். தொழிலுக்குக் கிழமை வேண்டும், ஞாயிறு கடலில் இறங்கக் கூடாது, மணி வேண்டும், காற்றும் நீரோட்டமும் வேண்டும். வருஷத்தைப் பார்த்து எவன் வலை போட்டான்? டோக்கன் அச்சாயிற்று, படகுகள் இறங்கின, டோக்கன் எந்த வருஷத்தைச் சொன்னதோ அந்த வருஷத்துக் கடல் அவர்களை ஏற்றுக்கொண்டது.

கரையில் ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருக்க, போனவர்கள் மார்கழிக் குளிரில் பல் கிட்டித் திரும்பினார்கள். ஊட்டி டூருக்கு வாங்கி ஒரே தடவை போட்ட சுவெட்டர்களைப் பெண்கள் பெட்டியிலிருந்து எடுத்து உதறினார்கள். சுனாமிக்கு முந்தைய கடல் அது. களவாவும் விளமீனும் கிளாத்தியும் கேட்பாரில்லாமல் கிடக்கிற கடல், ஆவுளியா என்கிற கடற்பசு படகுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டுப் போகிற கடல். அங்கே அந்தக் காலத்துப் படகுகளும் நின்றன, அவற்றில் அந்தக் காலத்து மனிதர்களும் நின்றார்கள், இன்றைக்குக் கல்லறையில் பெயர் வெட்டியிருக்கிற மாமன்களும் மச்சான்களும் தகப்பன்களும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன்பாடு எப்படி என்று கேட்டார்கள். செத்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது தப்பு. அவர்கள் அன்றைய தொழிலுக்கு வந்தவர்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. விடியற்காலையில் டோக்கன் ஆபீஸ் வாசலில் பெண்கள் தூக்குவாளிகளோடு வந்து நின்றார்கள். ஒருத்தி தகப்பனுக்குக் கருப்பட்டிப் பணியாரம் கொடுத்துவிட்டாள், ஒருத்தி மாமனாருக்கு மூட்டுவலித் தைலம் கொடுத்துவிட்டு, உயிரோடு இருந்தபோது இந்த மனுஷனுக்கு நான் ஒரு வெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை என்று மூக்கைச் சிந்தினாள். இறந்தவர்களுக்குப் பூசை கேட்டு வந்தவளைப் பங்குச் சாமியார், நேற்று முறுக்கு கொடுத்துவிட்ட ஆளுக்கு இன்றைக்கு இளைப்பாற்றிப் பூசையா, ஏதாவது ஒன்றைச் செய்யம்மா என்று திருப்பி அனுப்பினார். இராயப்பன் மட்டும் ஆசை மிஞ்சித் தன் தகப்பனைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தான்; முனையைத் தாண்டும்போது திரும்பினால் பலகையில் ஈரம் மட்டும் இருந்தது. மறுநாள் போனால் கிழவர் தன் படகிலேயே உட்கார்ந்துகொண்டு, நேற்று கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன் என்றாராம். வரப்போகிற அலையைப் பற்றியும், சாவைப் பற்றியும் எச்சரிக்கலாம் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களும் உண்டு. கடலில் சாவுப் பேச்சு பேசக் கூடாது என்பது பழைய வழக்கம். அதை மீறியவர்களின் வார்த்தையைக் காற்று கொண்டுபோகவே இல்லை, எதிர்ப் படகில் நின்றவர்கள் காதில் கையை வைத்து என்ன, என்ன என்று கேட்டார்கள். பிறகு யாரும் முயலவில்லை. இங்கிருந்து சோறு போயிற்று, அங்கிருந்து மீன் வந்தது, அதற்கே ஊர் மாதாவுக்கு நன்றி சொன்னது.

அமலோற்பவம் மட்டும் தூக்குவாளி எடுக்கவில்லை. எல்லாருக்கும் டோக்கன் அடித்துக் கொடுத்தாள். கல்லறைத் திருநாளுக்குக் கடலில் போனவர்களுக்காக ஊரே மணலில் மெழுகுவத்தி ஏற்றுகிறபோது பத்தொன்பது வருஷமாக ஏற்றாத ஒரே பெண்டாட்டி அவள். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

சந்தியாகுவின் தம்பி இன்னாசி ஒரு சாயங்காலம் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தான். அண்ணன் காணாமல் போனபோது அவன் கொச்சியில், நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தங்கல் தொழிலில் இருந்தவன். இன்று தலை முழுக்க நரைத்து, அண்ணனைவிடப் பதினேழு வயது மூத்தவன் ஆகிவிட்டவன்.

"மதினி, அண்ணனப் பாத்தேன்."

அவள் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய அடையாளம் தெரியல. அண்ணாச்சி, எந்த ஊருன்னு கேட்டாவ."

"மெலிஞ்சிருக்காவளா?"

"அப்பிடியேதான் இருக்காவ."

"அங்க வேற யாரு வந்து சோறு குடுக்கான்னு பாத்தீரா?"

இன்னாசிக்குப் புரியவில்லை. அவள்தான் முதல்முறையாக அதைச் சொன்னாள், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னாள். அந்தக் கடைசி நாட்களில் சந்தியாகு கடலிலிருந்து வயிறு நிறைந்து வருவான். அவள் ஆக்கி வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். கேட்டால், கடலில் ஒரு பெரியவர் கொடுத்தார், கடலில் நீட்டின சோற்றை வேண்டாம் என்று சொல்லக் கூடாதே என்பான். அது அந்தக் கரையின் வழக்கம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கையில் மாங்காய் போட்ட குழம்பு மணந்தது, வறுத்த தேங்காய் மணந்தது. எந்தப் பெரியவர் மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பார்? அமலோற்பவம் புளிக் குழம்பு மட்டும் வைக்கத் தெரிந்தவள், அவள் தாய் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாங்காய் போடுகிற பெண்கள் யார் யார் என்று ஊரில் ஒவ்வொரு அடுப்பாக மோந்து பார்த்தாள். கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் பேரைச் சொல்லு என்று நேராகக் கேட்டாள். அவன் ஒரு பேரைச் சொன்னான். அதோடு அவள் அவனிடம் பேசவில்லை.

"யாரு பேரு மதினி?"

"அத விடும். யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சா போதும்."

மறுநாள் அவளும் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். அன்பில் ஆக்கியது என்று சொல்லிவிட முடியாது, போட்டியில் ஆக்கியது. அவள் கைப்பக்குவம் எப்படி, என் கைப்பக்குவம் எப்படி என்று அந்த மனுஷன் தின்று பார்த்துச் சொல்லட்டும் என்று விளமீனைக் கழுவி, தேங்காயை வறுத்து அரைத்து, மாங்காயைக் கீறிப் போட்டு இறக்கியிருந்தாள். விதவையான பிறகு இன்னாசி வீட்டோடு ஒரே அடுப்பாகிவிட்ட வருஷங்களில், இன்னாசியின் பெண்டாட்டி கித்தேரி சொல்லிக் கொடுத்த குழம்பு அது. கை அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

தினமும் கொடுத்துவிட்டாள். தினமும் வாளி நக்கின மாதிரி காலியாக வந்தது. தினமும் யார் என்று கேட்டாள், வேறு படகு எதுவும் அண்ணனிடம் அண்டவில்லை என்று இன்னாசி சொன்னான். கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் அங்கே பிறந்திருந்தது, பழைய படகுகளின் டிரான்சிஸ்டர்களில் குடில் பாட்டுகள் பாடத் தொடங்கியிருந்தன என்று போனவர்கள் சொன்னார்கள்.

"இன்னைக்கி வாய் விட்டே கேட்டுட்டேன் மதினி. தெனமும் வேற யாரு தம்பி ஒனக்குச் சோறு குடுக்கான்னு. சிரிக்காவ. நீங்கதான் அண்ணாச்சி குடுக்கிய, வேற யாரு இருக்கா இந்தக் கடல்லன்னு சொன்னாவ. யாரு ஆக்குனதுன்னு கேட்டாவ. ஒம் பொஞ்சாதிதான்னேன்."

"நம்பினாவளா?"

"எப்பிடின்னு கேக்கவே இல்ல. மொத வாயிலயே தெரிஞ்சிட்டு, உப்பும் காரமும் அவ கைதான், மாங்காதான் புதுசுன்னாவ. வீட்ல போயி, என்னமா ஆக்கியிருக்கன்னு அவகிட்டச் சொல்லணும்னாவ."

அமலோற்பவம் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேரைச் சொல்லு என்று அவள் கேட்டபோது சந்தியாகு சொன்ன பேர் அமலோற்பவம் என்பது. சிரித்துக்கொண்டு சொன்னான். கட்டினவளிடமே கட்டினவள் பேரைச் சொல்லிக் கேலி செய்கிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் சபித்த அந்தக் குழம்புக்காரி, முகம் தெரியாத, பேர் தெரியாத அந்தப் பாவி, நரைத்த தலையோடு டோக்கன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழவில்லை. முதலில் அவளுக்கு நினைவுக்கு வந்தது சனிக்கிழமைதான். இன்று வியாழன். நாளை வெள்ளி, சண்டை நடக்கிற நாள். சாவை எச்சரிக்கிற பேச்சைக் காற்று கொண்டுபோகாது. ஆனால் ஒரு பொய்யைக் கொண்டுபோகும் அல்லவா? சண்டை மூளாவிட்டால் அவன் கஞ்சி குடித்துவிட்டுப் போவான், ஆணியிலிருந்து ஜிபிஎஸ்ஸைத் தானே எடுத்து மாட்டிக்கொள்வான், மூடுபனியில் வழி தப்பாது. வெள்ளி விடியலில் அவள் வெறுங்கையோடு இன்னாசியிடம் வந்தாள்.

"சோறு இல்ல இன்னைக்கி. ஒரே ஒரு வார்த்த சொல்லும். இன்னைக்கிச் சாயங்காலம் அவ கேப்பா, யாரு ஆக்குனதுன்னு. என் பேரச் சொல்லப்படாது. வேம்பாறு பக்கத்துலேருந்து வார பெரியவரோட சம்சாரம், பேத்தி எடுத்த கிழவின்னு சொல்லச் சொல்லும். பொய்தான். சொல்லிரச் சொல்லும்."

இன்னாசி பொழுது சாயத் திரும்பினான். சொன்னீரா என்று கேட்டாள். சொன்னேன் மதினி என்றான், வலையை உதறத் திரும்பிக்கொண்டான். அன்று அவளுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் வீட்டுக்குப் போய் ஆணியைப் பார்த்தபோது, மெழுகுவத்தி ஏற்றாத பத்தொன்பது வருஷமும் அப்படியே இருந்தது. நாளைக்கு அவன் மூடுபனியில் நிற்பான் என்றே மனசு சொன்னது.

சனி விடியலில் எல்லாருக்கும் டோக்கன் அடித்தாள். கடைசியாக இன்னாசியின் டோக்கனை அடித்துக் கொடுத்து, மாங்காய்க் குழம்பு நிறைந்த வாளியையும் கொடுத்தனுப்பினாள், கஞ்சி குடிக்காமல் போனவனுக்குப் பசிக்கும் என்பதற்காக. அவன் போன பிறகு ஜன்னலில் வானம் பார்த்திருந்த ஜிபிஎஸ்ஸையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினால் மணி போய்விடும், ஒட்டு விட்டால் வயர் மறுபடி பிடிக்காது, கணினி மறுபடி தன் பிறந்த வருஷத்துக்குப் போய்விடும் என்று தொபியாஸ் முன்பே சொல்லியிருந்தான். ஆனால் டோக்கன்தான் அச்சாகிவிட்டதே, அச்சானது அச்சானதுதானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வயரைப் பிடுங்கினாள். மணலில் ஓடினாள். அறுபதை நெருங்குகிறவள், சேலை காலில் தட்டத் தட்ட ஓடினாள், இறங்கிக்கொண்டிருந்த படகைப் பார்த்து, அன்றைக்குப் பாயில் படுத்துக்கொண்டு கொடுக்காத குரலை இன்றைக்குக் கொடுத்தாள்.

"நில்லுங்க. இத மறந்துட்டுப் போறிய. நில்லுங்க."

இன்னாசி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டான். யாரிடம் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அன்று படகுகள் சீக்கிரமே திரும்பிவிட்டன. யாருக்கும் குளிரவில்லை. வயரைப் பிடுங்கியதோடு டோக்கனில் இருந்த பழைய கடலும் போய்விட்டிருந்தது; முனையைத் தாண்டினால் ஆடி மாசத்துக் கடல்தான் இருந்தது, தலையில் அடிக்கிற காற்றும், வலையில் நாலு காரல் பொடிமீனும், ஞெகிழிப் பையும். பெண்கள் காலியாகாத தூக்குவாளிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அமலோற்பவம் செய்த காரியம் நொடியில் ஊருக்குத் தெரிந்துவிட்டது, தகப்பனைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவிடாமல் செய்துவிட்டாளே என்று இராயப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவளை ஏசுவதற்கு ஒருவரும் வரவில்லை. அவளிடத்தில் தாங்கள் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துப் பார்த்தார்கள், சுவெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். தொபியாஸ் புது பேட்டரி வாங்க டவுனுக்குப் பஸ் ஏறினான்.

இன்னாசி கடைசியாக வந்தான். ஜிபிஎஸ் நனையாமல் கையில் இருந்தது.

"இல்ல மதினி. நம்ம கடல்தான் இருந்துச்சு."

அவள் வாங்கி முந்தானையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நேத்து, அந்தப் பொய்யச் சொல்லச் சொன்னனே. அதுக்கு என்ன சொன்னாவ?"

இன்னாசி கடலைப் பார்த்தான்.

"சொன்னேன்னு சொன்னீரு. அவிய என்ன சொன்னாவன்னு சொல்லல நீரு."

"அவகிட்ட எனக்குப் பொய் வராது அண்ணாச்சின்னாவ. உள்ளதச் சொன்னா நம்புவா, அவ எங்கிட்ட எதையும் நம்பாம இருந்ததில்லன்னாவ."

நம்பியிருக்கலாம். அவ்வளவுதான், அதற்குமேல் அவளிடம் வேறு நினைப்பே இல்லை. ஒரு சாயங்காலம், ஒரே ஒரு பேர், அதுவும் தன் பேர், அதை நம்பியிருக்கலாம்.

இன்னாசி தூக்குவாளியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அது கனமாகவே இருந்தது. கடல்வரை போய் வந்த சோறு, வேண்டாம் என்று சொல்லக் கூடாத சோறு. அமலோற்பவம் மணலில் சம்மணமிட்டு, மூடியைத் திறந்து, மாங்காய்த் துண்டை ஓரமாக ஒதுக்காமல் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.